பத்து விநாடிக் கணக்கு

ரயில்வே கேட் மூடியிருந்தால் யாரும் யோசிப்பதில்லை. சாவியைத் திருப்பி வண்டியை அணைத்துவிட்டு, சிலர் இறங்கிப் போய்க் கடலைகூட வாங்கிவிடுகிறார்கள். அதே ஆட்கள் அண்ணா சாலைச் சிக்னலில், எதிரே பலகையில் 90, 89, 88 என்று எண் இறங்கிக்கொண்டிருக்கும்போது, இன்ஜினை ஓடவிட்டபடியே உட்கார்ந்திருக்கிறார்கள். கேட்டால், "அணைச்சு அணைச்சுப் போட்டா பெட்ரோல் இன்னும் அதிகமா குடிக்கும் சார், செல்ஃப் மோட்டாரும் போயிடும்" என்பார்கள். அப்படியானால் ரயில்வே கேட்டில் அணைத்தது ஏன்? ஐந்து நிமிடம் நின்றால் அணைப்பது லாபம், ஒன்றரை நிமிடம் நின்றால் நட்டம் என்றால், நடுவில் எங்கோ ஒரு கோடு இருந்தாக வேண்டும். அது எந்த இடத்தில் விழுகிறது?

இந்த முடிவை ஓட்டுகிறவரிடமிருந்து வாங்கித் தானே எடுத்துக்கொள்ளும் அமைப்பு இப்போது பல கார்களில் வருகிறது. நியூட்ரலுக்கு மாற்றிக் கிளட்சிலிருந்து காலை எடுத்ததும் இன்ஜின் அணைந்துவிடும். கிளட்சை மறுபடி மிதித்தால் கிளம்பிவிடும். ஆட்டோமேட்டிக் வண்டியில் பிரேக்கை மிதித்து நின்றதும் அணையும், காலை எடுத்ததும் கிளம்பும். டாஷ்போர்டில் ‘ஏ’ என்ற ஆங்கில எழுத்தைச் சுற்றி ஓர் அம்பு வளைந்திருக்கும் பொத்தான் இதற்குரியது. தமிழில் தன்னியக்க ‘நிறுத்து-கிளப்பு’ அமைப்பு எனலாம். ஷோரூமில் இதைப் பெருமையாகச் சொல்லி விற்கிறார்கள். வாங்கியவர்களில் பலர் வண்டியில் ஏறியதும் முதல் வேலையாக அந்தப் பொத்தானை அமுக்கி முடக்கிவிடுகிறார்கள். முடக்குவதற்கு நல்ல காரணங்கள் உண்டு. ஆனால் அவர்கள் சொல்லும் காரணம் பெரும்பாலும் அதில் சேராது.

யோசனை ஒன்றும் புதிதில்லை. 1973-ல் எண்ணெய் நெருக்கடி வந்து பெட்ரோல் விலை எகிறியதும், 1974-லேயே டொயோட்டா தன் கிரவுன் காரில் இதைப் பொருத்திப் பார்த்தது. வண்டி நின்று ஒன்றரை விநாடி ஆனதும் இன்ஜின் அணையும். டோக்கியோ நெரிசலில் 10 சதவீதம் மிச்சம் என்று சொல்லிக்கொண்டார்கள். எண்பதுகளில் ஃபோக்ஸ்வாகனும் ஃபியட்டும் முயன்றன. மக்கள் விரும்பவில்லை, வண்டிகள் மறக்கப்பட்டன. 2007-ஐ ஒட்டி பி.எம்.டபிள்யூ. தன் சிறிய கார்களில் இதை வரிசையாகப் போடத் தொடங்கியபிறகுதான் ஐரோப்பாவில் பரவியது. இந்தியாவில் மஹிந்திரா ‘மைக்ரோ ஹைப்ரிட்’ என்ற பெயரில் கொண்டுவந்தது. 2015-ல் மாருதி சியாஸ் காரில் ‘எஸ்.எச்.வி.எஸ்.’ என்ற பெயரில் வந்தது.

முதலில் நிற்கும் செலவைப் பார்ப்போம். மெக்கானிக்குகள் ‘ஐடிலிங்’ என்று சொல்வதைத் தமிழில் வெற்றோட்டம் எனலாம். இன்ஜின் நிமிடத்துக்கு 700, 800 சுற்று சுற்றுகிறது. சக்கரத்துக்கு ஒன்றும் போவதில்லை. பிஸ்டன் சிலிண்டர் சுவரில் உரசும் உராய்வு, வால்வுகளைத் திறந்து மூடும் உழைப்பு, ஆயில் பம்ப், தண்ணீர் பம்ப், ஆல்டர்நேட்டர் என்று எல்லாமே இன்ஜின் தன்னைத் தானே சுற்றவைத்துக்கொள்ளும் செலவு. பெட்ரோல் இன்ஜினுக்கு இன்னொரு தண்டச் செலவும் உண்டு. ஆக்சிலேட்டரை மிதிக்காதபோது காற்று வரும் வழி கிட்டத்தட்ட மூடியிருக்கும். பிஸ்டன் கீழே இறங்கும் ஒவ்வொரு தடவையும் அந்தச் சின்ன இடுக்கு வழியாகக் காற்றை இழுக்கப் போராட வேண்டும். எரியும் பெட்ரோலில் ஒரு பங்கு இந்த இழுபறியிலேயே போய்விடுகிறது.

அளவு எவ்வளவு? அமெரிக்க எரிசக்தித் துறை வெளியிட்டிருக்கும் கணக்குப்படி, 2 லிட்டர் இன்ஜின் கொண்ட ஃபோர்டு ஃபோகஸ், எந்தச் சுமையும் இல்லாமல் சும்மா நின்றால் மணிக்கு சுமார் 0.6 லிட்டர் குடிக்கும். 4.6 லிட்டர் இன்ஜின் கொண்ட பெரிய கிரவுன் விக்டோரியா ஏறத்தாழ ஒன்றரை லிட்டர் குடிக்கும். நம் ஊர் 1.2 லிட்டர் கார் ஃபோகஸைவிடக் குறைவாகத்தான் குடிக்கும், ஆனால் ஏ.சி. போட்டால் அந்த இடைவெளி நிரம்பிவிடும். ஆகவே கணக்குப் போட வசதியாக 0.6 என்றே வைத்துக்கொள்வோம். நிமிடத்துக்கு 10 மில்லி. லிட்டர் 100 ரூபாய் என்றால், சிக்னலில் நிற்கும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் ஒரு ரூபாய்.

இனி கிளப்பும் செலவு. "கிளப்பும்போது அதிகம் குடிக்கும்" என்பது வெறும் வதந்தி இல்லை, ஒரு காலத்தில் உண்மையாகவே இருந்தது. அம்பாசிடரும் பத்மினியும் கார்புரேட்டர் வைத்து ஓடிய நாட்களில், காலையில் சோக்கை இழுத்து, ஆக்சிலேட்டரை இரண்டு மூன்று தடவை மிதித்துவிட்டுத்தான் செல்ஃப் அடிப்பார்கள். ஒவ்வொரு மிதிக்கும் கார்புரேட்டருக்குள் இருக்கும் குட்டிப் பம்ப் ஒன்று பச்சைப் பெட்ரோலைப் பீய்ச்சும். அதில் பாதி எரியாமலே சைலன்சர் வழியாகப் போகும். அந்த வாசனையை வைத்தே எதிர்வீட்டில் வண்டி கிளம்புவதைத் தெரிந்துகொள்ளலாம். இப்போதைய வண்டிகளில் கார்புரேட்டரே கிடையாது. கிராங்க் எந்தக் கோணத்தில் நிற்கிறது, தண்ணீர் எத்தனை டிகிரி சூடு, உள்ளே வரும் காற்று எவ்வளவு என்பதைப் பார்த்து, கணினி தேவையான அளவை அளந்து தெளிக்கிறது. சூடான இன்ஜினுக்கு அந்த அளவு மிகச் சிறியது.

பெட்ரோலைவிட மின்சாரச் செலவுதான் இங்கே முக்கியம். செல்ஃப் மோட்டார் பேட்டரியிலிருந்து ஒரு பெரிய விழுங்கு விழுங்குகிறது, அதைப் பிறகு இன்ஜின்தான் ஈடுகட்ட வேண்டும். இதைக் காகிதத்திலேயே தோராயமாகப் போட்டுப் பார்த்துவிடலாம். 300 ஆம்பியர் மின்னோட்டம் ஒரு முழு விநாடி போகிறது என்று வைத்துக்கொள்வோம். சூடான இன்ஜின் அதற்குள்ளாகவே கிளம்பிவிடும் என்பதால் இது தாராளமான மதிப்பு. 12 வோல்ட்டில் அது 3,600 ஜூல். இன்ஜினில் வெப்பமாக வீணாவது, ஆல்டர்நேட்டரில் வீணாவது, பேட்டரிக்குள் வீணாவது எல்லாம் போகப் பெட்ரோலின் ஆற்றலில் 15 சதவீதமாவது பேட்டரிக்குத் திரும்பும் என்றால், இதை ஈடுகட்ட 24,000 ஜூல் பெட்ரோல் வேண்டும். ஒரு லிட்டரில் சுமார் 3.2 கோடி ஜூல் இருக்கிறது. ஆக, ஒரு தடவை கிளப்பும் மின்சாரத்துக்குப் பெட்ரோல் விலை முக்கால் மில்லி. வெற்றோட்டக் கணக்கில் நாலரை விநாடி.

இதோடு கிளம்பும் கணத்தில் கூடுதலாகத் தெளிக்கும் பெட்ரோலையும் சேர்த்தால் ஐந்து, ஆறு, ஏழு விநாடி என்று வரும். கோடு அங்கேதான் விழுகிறது.

காகிதக் கணக்கை நம்பாதவர்களுக்காக இதை அளந்தும் பார்த்திருக்கிறார்கள். சிகாகோ அருகே உள்ள ஆர்கான் தேசிய ஆய்வகம் காரை உருளைகள் மேல் நிறுத்தி, சக்கரம் சுற்றினாலும் வண்டி நகராத சோதனை மேடையில், இதே கேள்வியை வைத்துச் சோதித்தது. இத்தகைய சோதனைகளில் சில மில்லியைக்கூட எப்படி அளக்கிறார்கள் என்பது அழகான விஷயம். பெட்ரோல் டேங்கைப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. பெட்ரோலில் இருக்கும் கார்பன் எங்கும் மாயமாகிவிடாது. எரிந்து கார்பன் டை ஆக்சைடாகவோ, பாதி எரிந்து கார்பன் மோனாக்சைடாகவோ, எரியாமல் ஹைட்ரோகார்பனாகவோ சைலன்சர் வழியாக வந்தே தீர வேண்டும். வெளியே வரும் புகை முழுவதையும் பிடித்து, அதிலுள்ள கார்பனைக் கூட்டினால், உள்ளே எரிந்தது எவ்வளவு என்று தெரிந்துவிடும். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் சுமார் 2.3 கிலோ கார்பன் டை ஆக்சைடு என்ற கணக்கும் இப்படி வருவதுதான். ஆர்கான் சொன்ன முடிவு இது: பத்து விநாடிக்கு மேல் நிற்பதானால், பெட்ரோலிலும் சரி கார்பன் டை ஆக்சைடிலும் சரி, அணைத்துக் கிளப்புவதே சிக்கனம்.

அங்கேயே இன்னொரு சந்தேகத்தையும் தீர்த்தார்கள். சைலன்சர் பாதையில் இருக்கும் வினையூக்கி மாற்றி சில நூறு டிகிரி சூட்டில்தான் நச்சு வாயுக்களைச் சுத்தம் செய்யும். இன்ஜினை அணைத்தால் அது ஆறிப்போய், கிளம்பும்போது புகை அதிகமாகுமே என்ற கவலை நியாயமானது. ஆனால் அடுப்பை அணைத்தபின்னும் தோசைக்கல்லில் இன்னொரு தோசை வெந்துவிடுகிறதல்லவா, அதுபோல மாற்றியும் இரண்டு மூன்று நிமிடத்தில் ஆறிவிடுவதில்லை. கிளம்பும் கணத்தில் சில வாயுக்கள் கொஞ்சம் கூடுதலாக வரத்தான் செய்கின்றன. காலையில் முதல் தடவை, எல்லாம் ஆறிக் கிடக்கும்போது கிளப்பினால் வருவதோடு ஒப்பிட்டால் அது மிகச் சிறிது.

ஆகவே எரிபொருள் வாதம் இத்தோடு முடிந்தது. 90 விநாடிச் சிக்னலில் அணைக்காமல் நிற்பவர் நட்டப்படுகிறார், சந்தேகமே இல்லை. சிக்னலில் நிற்பவர் சொன்ன வாக்கியத்தின் இரண்டாம் பாதி மிச்சம் இருக்கிறது: செல்ஃப் மோட்டார் போய்விடும். கூடவே இன்ஜின் தேய்ந்துவிடும் என்ற பயமும் உண்டு.

இதில் உண்மை இருக்கிறது. கிராங்க் ஷாஃப்ட் தன் பேரிங்குகளைத் தொட்டுக்கொண்டு சுற்றுவதில்லை. வேகமாகச் சுற்றும்போது எண்ணெயைத் தனக்கடியில் இழுத்துக்கொண்டு, முடியைவிட மெல்லிய எண்ணெய்ப் படலத்தின் மேல் மிதக்கிறது. நின்றுவிட்டால் மிதப்பு போய்விடும், உலோகம் உலோகத்தின் மேல் அமரும். மறுபடி கிளம்பி வேகம் பிடிக்கும் அந்த ஒரு கணத்தில்தான் உரசல். நாளுக்கு நாலைந்து தடவை கிளப்பிய இன்ஜினை ஐம்பது தடவை கிளப்பினால் அந்தக் கணங்களும் பத்து மடங்காகும்.

ஆனால் எல்லாக் கிளப்பலும் ஒன்றல்ல. ராத்திரி முழுக்க நின்ற வண்டியில் எண்ணெய் கீழே வடிந்து, கெட்டியாகிக் கிடக்கும்; அதுதான் கொடுமையான கிளப்பல். அரை நிமிடம் முன்பு ஓடிய இன்ஜினில் எண்ணெய் இன்னும் சூடாகவும் இருந்த இடத்திலேயும் இருக்கிறது. அப்படியும் தயாரிப்பாளர்கள் இதைச் சும்மா விடவில்லை. ஃபெடரல்-மோகுல் என்ற நிறுவனம் ‘ஐராக்ஸ்’ என்ற பேரிங்கை இதற்கென்றே செய்தது. உலோகத்தின் மேல் ஒரு பாலிமர் பூச்சு, அதற்குள் இரும்பு ஆக்சைடு துகள்கள். எண்ணெய் இல்லாத அந்தக் கணத்து உரசலை உலோகத்துக்குப் பதில் பூச்சு வாங்கிக்கொள்ளும். சாதாரண செல்ஃப் மோட்டார் வாழ்நாளில் சில பத்தாயிரம் தடவை சுற்றினால் போதும் என்று வடிவமைக்கப்படுவது. நிறுத்து-கிளப்பு வண்டியில் இருப்பது சில லட்சம் தடவைக்கானது. மாருதியின் அமைப்பில் பல்சக்கர உரசலே கிடையாது: ஆல்டர்நேட்டரே மோட்டாராகவும் வேலை செய்து, பெல்ட் வழியாக இன்ஜினைச் சுற்றிவிடுகிறது. அதனால்தான் அந்த வண்டிகள் சிக்னலில் ‘கர்ர்’ என்று இரையாமல் கிளம்புகின்றன.

இந்தத் துறையில் எனக்கு மிகப் பிடித்த வித்தை மாஸ்டாவுடையது. 2009-ல் வந்த ‘ஐ-ஸ்டாப்’ அமைப்பில், இன்ஜினை அணைக்கும்போதே பிஸ்டன்கள் சரியாக நடுவழியில் நிற்கும்படி கட்டுப்படுத்துகிறார்கள். கிளப்ப வேண்டியபோது, விரிவடையும் கட்டத்தில் நிற்கும் சிலிண்டருக்குள் நேரடியாகக் கொஞ்சம் பெட்ரோலைத் தெளித்துப் பொறி வைக்கிறார்கள். நின்றுகொண்டிருக்கும் இன்ஜின் தன் சொந்த வெடிப்பாலேயே சுற்றத் தொடங்குகிறது; செல்ஃப் மோட்டார் லேசாகக் கை கொடுத்தால் போதும். 0.35 விநாடியில் இன்ஜின் தயார்.

ஆக, பேரிங்கும் மோட்டாரும் அதற்கென்று தயாரிக்கப்பட்டவை. அமைப்பே இல்லாத பழைய வண்டியில் சாவியைத் திருப்பித் திருப்பி நாளுக்கு ஐம்பது தடவை அணைத்தால் அவர் சொல்வது பலிக்கக்கூடும்.

தேயும் பொருள் வேறொன்று இருக்கிறது: பேட்டரி. அது தேயும் விதம் நாம் நினைப்பதற்கு மாறானது. இத்தகைய பேட்டரிகளைச் சோதிக்க ஜப்பான் பேட்டரி சங்கம் வகுத்த எஸ்.பி.ஏ. தரநிலையில் ஒரு சுழற்சி இப்படிப் போகும்: 59 விநாடிக்கு 45 ஆம்பியர் எடு, பிறகு ஒரு விநாடிக்கு 300 ஆம்பியர் எடு, பிறகு 60 விநாடி சார்ஜ் செய், மறுபடி முதலிலிருந்து. முதல் பகுதி சிக்னலில் நிற்பது: விளக்கு, ஊதும் விசிறி, பாட்டு, கணினி. இரண்டாவது பகுதி செல்ஃப். பெருக்கிப் பாருங்கள். நிற்பதற்கு 2,655, கிளப்புவதற்கு 300. பேட்டரியைக் காலி செய்வது கிளப்புவது இல்லை, இன்ஜின் அணைந்திருக்க நாம் உள்ளே விசிறிக் காற்றிலும் பாட்டிலும் உட்கார்ந்திருப்பது. கிளப்பும் செலவைப்போல அது ஏறக்குறைய ஒன்பது மடங்கு.

ஈய-அமில பேட்டரிக்கு இந்தப் பிழைப்பு ஒத்துவராது. எப்போதும் நிறைந்திருக்கவும், எப்போதாவது ஒரு விநாடி பெரிதாகக் கொடுக்கவும் பழகியது அது. அரைகுறையாகக் காலியாகி அரைகுறையாக நிரம்பினால் தகடுகளில் ஈய சல்பேட் படிகங்கள் கெட்டிப்பட்டு, அந்த இடம் மறுபடி வேலைக்கு வராது. அதனால்தான் இந்த வண்டிகளுக்கு இ.எஃப்.பி., ஏ.ஜி.எம். என்ற தனி வகைகள். சாதாரண பேட்டரியைவிட விலை சில ஆயிரம் கூடும். 2018-ல் சியாஸ், எர்டிகா கார்களில் மாருதி ஒரு சின்ன லித்தியம் பேட்டரியைத் துணைக்குச் சேர்த்ததும் இதற்காகத்தான்: அடிக்கடி நிரம்பிக் காலியாகும் வேலையை அது பார்த்துக்கொள்ளும். வண்டி வேகம் குறையும்போது வீணாகும் இயக்கத்திலிருந்தே அதை நிரப்பிக்கொள்வார்கள்.

பேட்டரி மாற்றப் போகும் கடையில், அளவு பொருந்துகிறது, விலை குறைவு என்று சாதாரண பேட்டரியை வைத்துவிடுவது உண்டு. வண்டி கிளம்பும், ஓடும், ஒரு குறையும் தெரியாது. கொஞ்ச நாளில் நிறுத்து-கிளப்பு தானாக ஓய்ந்துவிடும்.

இப்படித் தானாக ஓய்வதுதான் இந்த அமைப்பின் இயல்பே. அணைப்பதற்கு முன் அது பல பேரிடம் அனுமதி கேட்கிறது. இன்ஜின் போதுமான சூட்டில் இருக்கிறதா? பேட்டரியின் நெகட்டிவ் முனையில் உட்கார்ந்திருக்கும் உணரி என்ன சொல்கிறது? பிரேக் பூஸ்டரில் வெற்றிடம் இருக்கிறதா? டிரைவர் சீட் பெல்ட் போட்டிருக்கிறாரா? வண்டி சரிவில் நிற்கிறதா? கடைசியாக, உள்ளே குளிர்ச்சி போதுமா? ஒருவர் தலையாட்டாவிட்டாலும் இன்ஜின் ஓடிக்கொண்டேயிருக்கும்.

அந்தக் கடைசிக் கேள்வியில்தான் சென்னையும் மதுரையும் மாட்டிக்கொள்கின்றன. பெரும்பாலான கார்களில் ஏ.சி. கம்ப்ரசர் இன்ஜினின் பெல்ட்டில் ஓடுகிறது. இன்ஜின் நின்றால் கம்ப்ரசரும் நிற்கும். விசிறி மட்டும் ஊதும். டாஷ்போர்டுக்குள் இருக்கும் குளிர்ந்த அலுமினியக் கூட்டின் வழியாகக் காற்று வருவதால் கொஞ்ச நேரம் குளிர்ச்சி தாங்கும். ஜனவரிக் காலையில் இது தெரியவே தெரியாது. கத்திரி வெயிலில் கண்ணாடி வழியே சூரியன் இறங்கிக்கொண்டிருக்கும்போது, அரை நிமிடத்தில் வாடைக்காற்று வெப்பக்காற்றாகிவிடும். உணரி அதைக் கண்டதும் பச்சை விழுவதற்கு முன்பே இன்ஜினைக் கிளப்பிவிடும். ஏ.சி.யை 18-ல் வைத்திருந்தால் பல வண்டிகள் அணையவே சம்மதிக்காது.

முரண் இங்கேதான். ஏ.சி. ஓடும்போதுதான் வெற்றோட்டம் அதிகம் குடிக்கிறது, அதாவது அணைத்தால் மிச்சம் அப்போதுதான் அதிகம். அந்த நேரத்தில்தான் அமைப்பு கையை விரிக்கிறது. ஸ்வீடனின் குளிர்ந்த ஊரில் கிடைக்கும் பலனை மே மாதத் திருச்சியில் எதிர்பார்க்க முடியாது. ஸ்வீடனுக்கும் ஜனவரியில் அதன் சொந்தத் தொல்லை உண்டு, ஹீட்டருக்குச் சூடான இன்ஜின் வேண்டும் என்பது வேறு கதை.

இதற்கு வழியே இல்லாமல் இல்லை. சுஸுகி 2012-ல் ஜப்பானில் விற்ற வேகன்-ஆர் காரின் ஏ.சி.க்குள் குளிர்ச்சியைச் சேமிக்கும் பொருள் ஒன்றை வைத்தது. வண்டி ஓடும்போது அது உறைந்துகொள்ளும். இன்ஜின் நின்றபின் உருகிக்கொண்டே காற்றைக் குளிர்விக்கும். டொயோட்டா பிரியஸ் போன்ற முழு ஹைப்ரிட்களில் கம்ப்ரசரே மின்சாரத்தில் ஓடுவதால் பிரச்சினையே இல்லை. நம் ஊர் சாதாரணக் கார்களில் இரண்டும் அரிது.

சரி, பலன் இவ்வளவு ஊசலாடுகிறது என்றால் தயாரிப்பாளர்கள் ஏன் விடாமல் இதைப் பொருத்துகிறார்கள்? சோதனைச்சாலையில் இது ஊசலாடுவதில்லை. இந்தியாவில் மைலேஜ் சான்றிதழுக்கான ஓட்டத்தில், நகரப் பகுதியைக் காட்டும் 195 விநாடித் துண்டு ஒன்று நான்கு தடவை ஓடும். அந்த 195-ல் 60 விநாடி சும்மா நிற்பது. இது பழைய ஐரோப்பியச் சோதனையிலிருந்து எடுத்தது. முழு ஐரோப்பியச் சோதனையில் நிற்கும் நேரம் ஏறக்குறைய கால் பங்கு. 2017-ல் அதற்குப் பதிலாக வந்த புதிய சோதனையில் சுமார் 13 சதவீதம்தான். எல்லாவற்றிலும் ஆய்வகம் மிதமான சூட்டில் இருக்கும், ஏ.சி. அணைந்திருக்கும். நிறுத்து-கிளப்புக்கு இதைவிட வசதியான மேடை அமையாது. நிற்கிற ஒவ்வொரு விநாடியும் மைலேஜ் எண்ணில் வரவாகிவிடும்.

நிற்கும் பங்கு மாறினால் பலனும் எப்படி மாறும் என்பதற்கு, 2023-ல் எஸ்.ஏ.இ. என்ற வாகனப் பொறியாளர் அமைப்பின் வழியாக வந்த ஓர் ஆய்வு நல்ல சாட்சி. அமெரிக்காவின் வழக்கமான நகரச் சோதனை ஓட்டத்தில் மிச்சம் 7 சதவீதத்தைச் சற்றுத் தாண்டியது. நியூயார்க் நெரிசலைப் போலச் செய்த ஓட்டத்தில் 26 சதவீதத்தைத் தாண்டியது. நெடுஞ்சாலையில் போகிறவருக்கு ஒன்றுமில்லை. ஆகவே "எத்தனை சதவீதம் மிச்சம்?" என்று காரைப் பார்த்துக் கேட்பதில் பொருள் இல்லை, சாலையைப் பார்த்துக் கேட்க வேண்டும்.

அமெரிக்காவில் இது அரசியலாகவே ஆகிவிட்டது. அங்கே இந்த அமைப்பைப் பொருத்தும் நிறுவனங்களுக்கு மாசுக் கணக்கில் சலுகைப் புள்ளிகள் கிடைத்துவந்தன. 2025 மே மாதம், சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் தலைவர் லீ செல்டின், இதை எல்லோரும் வெறுக்கிறார்கள், சரிசெய்யப் போகிறோம் என்று வெளிப்படையாகவே எழுதினார். இந்தியாவிலும் சலுகையில்தான் தொடங்கினார்கள்: 2015-ல் வந்த ஃபேம் திட்டத்தில் இத்தகைய மிதமான ஹைப்ரிட்களுக்கும் மானியம் இருந்தது, 2017 ஏப்ரலோடு அது எடுக்கப்பட்டது. 2020 அக்டோபரில் தில்லி அரசு ‘ரெட் லைட் ஆன், காடி ஆஃப்’ என்று பிரசாரமே நடத்தியது, ஆட்கள் பலகை பிடித்துச் சிக்னலில் நின்றார்கள். அது காரில் பொருத்த வேண்டிய பாகம் எதையும் கேட்கவில்லை என்பதைக் கவனிக்கலாம்.

ரூபாயில் போட்டுப் பார்க்கலாம். நகரத்துக்குள் தினம் வேலைக்குப் போய்வருகிறவர் மொத்தமாக 20 நிமிடம் சிக்னலில் நிற்கிறார் என்று வைத்துக்கொண்டால், 20 ரூபாய். ஊர்ந்து ஊர்ந்து போகும் நெரிசலில் ஐந்து விநாடி நின்று நகர்வதெல்லாம் லாபத்தில் சேராது. பேட்டரி சம்மதிக்காத நேரம், ஏ.சி. சம்மதிக்காத நேரம் போகப் பாதியாவது தேறினால் நாளுக்குப் பத்து ரூபாய், வருடத்தில் 300 நாளுக்கு 3,000. மூன்று நாலு வருடத்துக்கு ஒரு தடவை பேட்டரிக்குக் கூடுதலாகத் தரும் சில ஆயிரத்தைக் கழித்தாலும் கையில் கொஞ்சம் நிற்கும். ஈய-அமில பேட்டரிக்கு வெப்பம் பகை. பத்து டிகிரி கூடினால் ஆயுள் பாதியாகும் என்பது அந்தத் துறையின் பழைய விதி. அதனால் நம் ஊரில் அந்த ‘கொஞ்சம்’ இன்னும் சுருங்கும். கார் வாங்கும்போது இதற்காக மட்டும் 30,000, 40,000 கூடுதலாகக் கொடுத்து மேல் வகையை எடுப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். வந்த வண்டியில் இருந்தால் முடக்காமல் வைத்திருக்கலாம். பல ஆட்டோமேட்டிக் கார்களில் பிரேக்கை லேசாகப் பிடித்தால் அணையாது, அழுத்தி மிதித்தால்தான் அணையும். இந்த நெளிவு தெரிந்தால் எரிச்சலில் பாதி போய்விடும்.

காரில் இவ்வளவு இழுபறியாக இருக்கும் இந்த அமைப்பு, இருசக்கர வண்டியில் சத்தமில்லாமல் ஜெயித்திருக்கிறது. ஹீரோ 2014-ல் ஸ்ப்ளெண்டர் ஐ-ஸ்மார்ட் பைக்கில் ‘ஐ3எஸ்’ என்று கொண்டுவந்தது: நியூட்ரலில் சில விநாடி நின்றால் அணையும், கிளட்சைப் பிடித்தால் கிளம்பும். 2019-ல் ஹோண்டா ஆக்டிவா 125-லும், 2020-ல் ஓசூர் டி.வி.எஸ்.சின் ஜூபிட்டரிலும் இது வந்தது. ஸ்கூட்டரில் ஏ.சி. கிடையாது, பிரேக் பூஸ்டர் கிடையாது, ஊதும் விசிறி கிடையாது. அனுமதி கேட்க வேண்டிய ஆட்களே குறைவு. கிராங்க் ஷாஃப்ட்டின் முனையில் மின்சாரம் தயாரிக்கச் சுற்றிக்கொண்டிருந்த காந்தச் சக்கரத்தையே மோட்டாராகவும் ஆக்கிவிட்டதால், தனி செல்ஃப் மோட்டாரும் பல்சக்கரமும் போய்விட்டன. பாகம் கூடவில்லை, குறைந்திருக்கிறது. ஒரு ஸ்கூட்டர் வெற்றோட்டத்தில் குடிப்பது சொற்பம்தான், உரிமையாளரின் பையில் மாதத்துக்குப் பெரிய மாற்றம் தெரியாது. ஆனால் தமிழ்நாட்டில் பதிவான வண்டிகளில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் இருசக்கர வாகனம். சிக்னலில் முன்னால் நிற்பவரின் சைலன்சர் புகை நேராகப் பின்னால் நிற்பவரின் ஹெல்மெட்டுக்குள் போகிறது. நம் சாலைகளில் இந்தத் தொழில்நுட்பம் செய்யக்கூடிய உபகாரத்தில் பெரும் பகுதி இங்கேதான் என்று நினைக்கிறேன்.

அமைப்பு இல்லாத கார் வைத்திருப்பவர்கள் சாவியால் இதையே செய்யலாமா? பலகையில் முப்பதுக்கு மேல் எண் தெரிந்தால் தாராளமாகச் செய்யலாம், தினம் சில தடவை என்ற அளவில். இரண்டு விஷயத்தில் மட்டும் கவனம் வேண்டும். நிறுத்து-கிளப்பு அமைப்பு இன்ஜினை மட்டும் அணைக்கிறது, இக்னிஷன் உயிரோடு இருக்கும். சாவியை முழுதாகத் திருப்பினால் ஏர்பேக்கும் சேர்ந்து தூங்கிவிடும், யாராவது வந்து இடித்தால் உதவிக்கு வராது. மேம்பாலச் சரிவில் நிற்கும்போது இதைச் செய்யவே வேண்டாம். அணைந்த இன்ஜின் வெற்றிடம் தராது, இரண்டு மூன்று தடவை மிதித்ததும் பூஸ்டர் தீர்ந்து பிரேக் பெடல் கல்லாகிவிடும்.